கோடிக்கரைக்குக் கால்நடையாக

சமுத்திரத்தைப் பற்றி நம் சமவெளிக்காரர்களுக்கு இருக்கும் ஞானம் பெரும்பாலும் இரண்டு ஸ்தலங்களில் சம்பாதித்தது. ஒன்று சென்னைக் கடற்கரை, மற்றொன்று ராமேசுவரம். முன்னதில் சுண்டல் நினைவிருக்கும். பின்னதில் ஈர வேஷ்டி நினைவிருக்கும். சமுத்திரம் அவ்வளவாக நினைவிராது. பஸ்ஸை விட்டு இறங்கி, அலையில் கால் நனைத்து, குழந்தைகளைப் "போதும், போதும்" என்று அதட்டிக் கரையேற்றி, செல்போனில் நாலு படம் எடுத்துக் கொண்டால் யாத்திரை முடிந்தது. எல்லாம் அரை மணி நேரத்துக் காரியம்.

பள்ளிபாளையத்துக்காரர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. காவிரிப் பாலத்தைத் தாண்டி நித்தம் ஈரோட்டுக்குப் போய் வருகிறோம். பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர் எங்கே போகிறதென்று பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைக் கேட்டால், "வங்காள விரிகுடாவில் கலக்கிறது" என்று பரீட்சைக்கு எழுதுவது போல் சொல்லி விடுவான். அங்கே கரையோரத்தில் இருப்பவர்கள் யார், அவர்கள் என்ன செய்து ஜீவிக்கிறார்கள் என்று மேலே கேட்டால் பையன் விழிப்பான். வாத்தியாரும் சேர்ந்து விழிக்க வேண்டியதுதான். அதைப் போய்த்தான் பார்க்க வேண்டும். நடந்து போய்ப் பார்ப்பதே உத்தமம் என்பது நமது அபிப்பிராயம்.

காவிரி கடலோடு சேரும் முகத்துவாரம் பூம்புகாரில் இருக்கிறது. ஆனால் காவிரித் தண்ணீர் அத்தனையும் பூம்புகாருக்குப் போய் விடுவதில்லை. கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகவும் வேறு பல ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கிளைத்துக் கிளைத்து, மெலிந்து மெலிந்து, தெற்கே வேதாரணியம் பக்கத்துக் கடைமடை வரையில் அது போய்ச் சேருகிறது. சில வருஷங்களில் போய்ச் சேராமலும் இருந்து விடுகிறது. அந்த வேதாரணியத்திலிருந்து கோடிக்கரைக்குச் சுமார் ஏழு மைல். இந்த ஏழு மைலையும் நேயர்கள் ஒரு தடவையாவது காலால் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்வதே இந்த வாரம் நமது நோக்கம்.

காலால் அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரை தேச சரித்திரத்தில் இடம் பெற்றதே நடையினால்தான்.

1930-ம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி மகாத்மா காந்தி 78 பேருடன் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, 240 மைல் நடந்து, ஏப்ரல் 6-ந் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பை எடுத்தார். தமிழ்நாட்டில் அந்தக் காரியத்தை நடத்தும் பொறுப்பு ராஜாஜியிடம் வந்தது. அவர் நமக்கு அந்நியர் அல்லர். சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917 முதல் 1919 வரை அந்நகரசபைத் தலைவராக இருந்தவர். 1925-ல் நமக்கு அண்டையிலுள்ள திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்து, கதர் வேலையும் மதுவிலக்குப் பிரசாரமும் செய்து வந்தவர். சமுத்திரமே கண்ணில் படாத கருங்கல் பூமியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் உப்பெடுக்கத் தமிழ்நாட்டின் கடைசி மூலையைத் தேர்ந்தெடுத்தார்.

ஏப்ரல் 13-ந் தேதி, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாளன்று, திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். அவர்கள் பாடிக் கொண்டு நடப்பதற்கென்றே பாட்டு எழுதிக் கொடுத்தவர் நம் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. ஆகவே சேலம் ஜில்லா அந்த யாத்திரைக்குத் தலைமையையும் தந்தது, பாட்டையும் தந்தது என்று நாம் கொஞ்சம் பெருமை பாராட்டிக் கொள்வதில் தவறில்லை.

தஞ்சை ஜில்லாவின் அப்போதைய கலெக்டர் தார்ன் துரை, தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் தண்டனை என்று பறையறைவித்தார். சோறு போடுவது குற்றமென்று தஞ்சாவூர் ஜில்லாவிலே சொல்லிப் பார்த்தார் பாவம்! வீட்டில் வைத்துப் போட்டால்தானே குற்றம் என்று சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்று மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு விட்டுப் போனார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என்று நடந்து, ஏப்ரல் 28-ந் தேதி வேதாரணியம் சேர்ந்தார்கள். மொத்தம் 150 மைல். நாளொன்றுக்குப் பத்து மைல். ரயிலில் போயிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். முடிந்திருக்கும் என்பதுதான் விஷயம். யாத்திரை சீக்கிரம் முடிந்திருந்தால் மரங்களில் சோறு காய்த்திராது. ஊருக்கு ஊர் நின்று, ஒரு ஜனங்கள் இன்னொரு ஜனங்களின் முகத்தைப் பார்ப்பதற்குப் பதினைந்து நாள் தேவைப்பட்டது.

ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. உடனிருந்து உபசரித்த வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். "சர்தார்" என்ற பட்டத்தை ஜனங்கள் அவருக்குக் கொடுத்தார்கள். 1947-ல் உப்பு வரி ஒழிந்தது.

இனி நாம் நடக்கத் தொடங்கலாம். மாசி மாதம் நடப்பதற்கு உகந்தது. பனியும் விட்டிருக்கும், வெயிலும் முற்றியிராது. அளங்களில் உப்பு விளையத் தொடங்கியிருக்கும். கோடிக்கரையில் மீன் பருவமும் முடிந்திராது.

வேதாரணியத்தில் விடியற்காலையில் சுவாமி தரிசனத்தை முடித்துக் கொள்ளலாம். திருமறைக்காடு என்ற பெயரில் பாடல் பெற்ற ஸ்தலம் இது. வேதங்கள் பூசித்து அடைத்து விட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்பது ஸ்தல வரலாறு. ஊருக்குள் இன்னொரு கதவையும் மூடியவர் ஒருவர் உண்டு. க்ஷவரத் தொழில் செய்த வைரப்பன் என்பவர், சத்தியாக்கிரகிகளை அடித்த போலீசுக்கு முகக்ஷவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார். அவருக்கு இவ்வூரில் நினைவுத் தூண் இருக்கிறது. பெரிய தலைவர்களுக்குச் சிலை வைப்பது எங்கும் உள்ள வழக்கம். சவரக் கத்தியைக் கீழே வைத்தவருக்குத் தூண் வைத்த ஊர் அபூர்வம்.

தெற்கே இரண்டு மைலில் அகஸ்தியம்பள்ளி. இங்கேதான் உப்பு சத்தியாக்கிரக ஸ்தூபி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30-ந் தேதி இங்கே வந்து உப்பு அள்ளி நினைவு கொண்டாடுகிறார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து இவ்வூருக்கு 2023 ஏப்ரலில் அகல ரயில்பாதை திறக்கப்பட்டது, ரயிலிலும் வரலாம். வருகிறவர்களில் பலர் ஸ்தூபியின் முன் நின்று படம் எடுத்துக் கொண்டு, வந்த வண்டியிலேயே திரும்பி விடுகிறார்கள். ஸ்தூபியைத் தாண்டி நடந்தால்தான் உப்பளம் தெரியும்.

உப்பளம் என்பது சமையலறைக்கு வெகு தூரத்தில் இருக்கும் சமையலறை. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புச் சத்து இருக்கிறது. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான் நாம் தின்னும் உப்பு. மற்றவை வேறு உப்புகள். தண்ணீரை முதலில் பெரிய தேக்கத்தில் கட்டி, வெயிலிலும் காற்றிலும் சுண்ட விட்டு, பாத்தி பாத்தியாக மாற்றுகிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள உப்புகள் அடியில் தங்கி விடுகின்றன. பிறகு கடைசிப் பாத்தியில் நல்ல உப்பு பூக்கிறது. அப்படியே முழுதும் வற்ற விட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து விழுந்து விடும். ஆகையால் கசப்பு நீரைத் தக்க சமயத்தில் வடித்து விட வேண்டும். பாகு பதம் தவறாமல் இறக்குகிற கை எப்படியோ, அப்படிப் பட்ட கண் வேண்டும் இதற்கு. விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது இங்கேதான்.

நடந்து போகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு; அவனிடம் ஜனங்கள் பேசுவார்கள். காரில் வருகிறவனை வியாபாரி என்றோ அதிகாரி என்றோ நினைத்து ஒதுங்கி விடுகிறார்கள். நாம் வரப்போரமாகச் சற்று நின்றதும், உப்பு வாரிக் கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து, "எந்த ஊருங்க ஐயா?" என்று கேட்டார்.

"பள்ளிபாளையம். ஈரோட்டுக்கு எதிர்க்கரை. காவிரி ஓரந்தான் அம்மா" என்றோம்.

"அப்ப, உங்க ஊரைத் தாண்டித்தானே எங்களுக்குத் தண்ணி வரணும்?"

மேட்டூர் அணையிலிருந்து வரும் தண்ணீரை நம் படித்துறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அது யாருக்கோ போய்ச் சேர வேண்டிய தண்ணீர் என்று இப்படி நேருக்கு நேராக யாரும் நமக்கு எடுத்துச் சொன்னதில்லை. அந்த அம்மாள் மேலும் சொன்னார்: "மழை பேஞ்சா வயலுக்கு நல்லது, அளம் கரைஞ்சு போயிடும். பேயலைன்னா அளத்துக்கு நல்லது, குடிக்கத் தண்ணி இல்லை. சாமிகிட்ட எதைன்னு கேக்குறது ஐயா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மறுபடியும் பலகையைப் பிடித்தார்.

அவருடைய கால்களை அப்போதுதான் கவனித்தோம். உப்பு நீரில் நாள் முழுதும் நிற்கும் கால்கள். பாதம் வெடித்து, விரலிடுக்கில் தோல் வெளுத்துப் போயிருந்தது. வெள்ளை வெளேரென்ற பாத்தியிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் கண்ணும் கெடுகிறது என்கிறார்கள். உப்பின் மேல் அன்னியன் போட்ட வரி போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்த இன்னொரு வரியை, காலும் கண்ணும் செலுத்துகிற வரியை, நாம்தான் தள்ளுபடி செய்ய வேண்டும். காலுக்கு ஜோடு, கண்ணுக்குக் கண்ணாடி, நிற்க நிழல், குடிக்க நல்ல தண்ணீர், மழைக் காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு ஜீவனம்: இவ்வளவுதான் அதற்கு வேண்டியது. இதற்கு இன்னொரு யாத்திரை புறப்பட வேண்டிய அவசியம் நேரக் கூடாது.

அளங்களைக் கடந்தால் கோடியக்காடு. குழகர் கோயில் இங்கே இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஸ்தலத்துக்கு வந்தபோது, ஒருவரும் துணையில்லாமல் காற்று வீசும் கடலோரத்தில் சுவாமி தனியாக இருக்கிறாரே என்று மனம் உருகிப் பாடினார். சுவாமிக்கே துணையில்லை என்று கவலைப்பட்ட பக்தி நம் தேசத்தில்தான் உண்டு. இன்றும் மாலை வேளையில் அங்கே நின்றால் சுந்தரரின் கவலை நமக்கும் சற்று வந்து விடுகிறது.

அதன் பிறகு காடு. 1967 முதல் இது சரணாலயம். 2002-ல் சர்வதேச ராம்சார் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதலாவதாக இடம் பெற்றது. வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. எப்போதோ வீட்டிலிருந்து தப்பிக் காட்டுப் பிராணியாகி விட்ட மட்டக் குதிரைகளையும் காணலாம். குளிர்காலத்தில் பூநாரைகளும் வடதேசத்துக் கரைப் பறவைகளும் வருகின்றன. பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவை எங்கே போகின்றன என்று ஆராயும் வேலையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்து ஆண்டுகளாக இங்கே செய்து வந்திருக்கிறார்கள். காட்டுக்குள் மனம்போன போக்கில் நுழையலாகாது. வனத்துறையாரிடம் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் வழியில் போக வேண்டும். நடுவில் ஒரு மணல் மேடு; அதற்கு ராமர் பாதம் என்று பெயர். அதன்மேல் ஏறி நின்றால் தட்டையான காடும் சதுப்பும் தெரியும். மலையடிவாரத்தில் வளர்ந்த நமக்கு அதை மேடு என்று சொல்லச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் பூமியில் அதுவே பர்வதம்.

கடைசியில் கோடிக்கரை. சோழ மண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, சட்டென்று மேற்கே திரும்பும் மூலை இது. அமைதியான சிற்றூர். 1950-ல் கல்கி தொடங்கிய "பொன்னியின் செல்வ"னைப் படித்தவர்கள் இங்கே வந்தால் பூங்குழலியின் படகைக் கண்கள் தேடாமல் இரா. யாழ்ப்பாணத்துக் கரை இங்கிருந்து முப்பத்தைந்து மைல் போலத்தான்.

மணலில் நடப்பது ஒரு வித்தை. மேலே உலர்ந்த மணலில் நடந்தால் ஓரடி வைக்கும்போது அரையடி பின்வாங்கும். அலை நனைத்து விட்டுப் போன ஓரத்தில் மணல் தார் ரோட்டைப் போல் இறுகியிருக்கும், அதுவே நடைபாதை. கரை சரிவாக இருப்பதால் ஒரு பக்கத்துக் கால் அதிகம் உழைக்கும். திரும்பி வரும்போது மற்றக் கால் பழி தீர்த்துக் கொள்ளும். சில இடங்களில் மணலுக்குப் பதில் சேறு. அங்கே துணிச்சல் காட்டாமல் ஊர்க்காரரைக் கேட்டு நடக்க வேண்டும். தலைக்குத் துண்டு, கையில் தண்ணீர், ஒன்பது மணிக்குள் திரும்பும் புத்தி, இம்மூன்றும் போதும்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது மரியாதை. கடற்கரை காலி மனை அல்ல. நமக்கு அது உலாவும் இடம். அங்கே உள்ளவர்களுக்குத் தொழிற்சாலை. நம் ஊரில் ஒருவர் தறிக்கூடத்துக்குள் செருப்புக் காலோடு நுழைந்து பாவின் மேல் நடந்தால் நாம் சும்மா இருப்போமா? விரித்த வலையைத் தாண்டுவதும், காயும் கருவாட்டின் நடுவே போவதும், கேட்காமல் முகத்தெதிரே படம் எடுப்பதும் அதற்குச் சமானமே. அக்டோபர் முதல் மார்ச்சு வரையில் வெளியூர் மீனவர்கள் பலர் இங்கே வந்து தங்கித் தொழில் செய்கிறார்கள். விடியும்போது படகுகள் வந்து சேரும். வாவலும் காலாவும் நண்டும் கரையிலேயே ஏலம் போகும். அப்போது எட்ட நின்று பார்க்கலாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம். விளக்கைக் கொண்டு கரையில் திரிந்தால் அவை வந்த காரியத்தை முடிக்காமலே கடலுக்குத் திரும்பி விடும்.

ஏலத்தின் ஆரவாரத்திலும், இன்னும் வராத படகை எண்ணிக் கடலையே பார்த்துக் கொண்டு நிற்கும் பெண்கள் ஒருவரிருவர் இருப்பார்கள். 1974-லும் 1976-லும் இரண்டு தேசங்கள் ஒப்பந்தம் செய்து சமுத்திரத்தில் எல்லைக் கோடு இழுத்தன. காகிதத்தில் தெரியும் அந்தக் கோடு தண்ணீரில் தெரிவதில்லை. அதைத் தாண்டியதாகப் பிடிபட்டுச் சிறையில் இருப்பவர்களின் செய்தியை நாம் காலைப் பத்திரிகையில் ஒரு மூலையில் படித்துப் புரட்டி விடுகிறோம். அந்தக் கரையில் நின்ற பிறகு அப்படிப் புரட்ட முடிவதில்லை.

இந்தக் கரை பட்ட பாடும் கொஞ்சமல்ல. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கம் பல நூற்றாண்டுகள் புயலுக்குத் தாங்கி நின்றது. 2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமியில் இடிந்து விழுந்தது. 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், தென்னையையும் மாவையும் சாய்த்தது. காட்டு மரங்களை முறித்தது. வேதாரணியக் கரை நெடுகக் கடற் சேற்றை வாரிக் கொட்டி விட்டுப் போயிற்று. இத்தனைக்கும் பிறகு ஜனங்கள் அங்கேயே இருக்கிறார்கள். பாத்தியை மறுபடி கட்டுகிறார்கள். வலையை மறுபடி பின்னுகிறார்கள்.

நமது பக்கத்திலே சாயப்பட்டறைக் கழிவு காவிரியில் கலக்கிறதென்ற புகார் வெகு காலமாக இருந்து வருகிறது. பேச்சு எழும், சோதனை நடக்கும், அடங்கி விடும். "ஆறு பெரிது, போய் விடும்" என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். போய் விடும் என்பது வாஸ்தவந்தான். எங்கே போகிறது என்பதைத்தான் அந்த அம்மாள் நமக்குச் சொல்லி விட்டார். அறுவடைக்கும் குடிநீருக்கும் கடைமடையில் காத்திருப்பவர்களை ஒரு தடவை கண்ணால் பார்த்தவன், படித்துறையில் நின்று ஆற்றுக்குள் எதையும் அலட்சியமாக எறிய மாட்டான் என்று நாம் நம்புகிறோம்.

கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீடுகளில் ஆலோசனை நடக்கும் காலம் வரப் போகிறது. ஊட்டி இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது; அவை எங்கும் போய் விடா. அவற்றில் ஒன்றைத் தள்ளிப் போட்டு, மாசியில் ஒரு சனி ஞாயிறைத் தேடிப் பிடித்து, குழந்தைகளை வேதாரணியத்துக்கு அழைத்துக் கொண்டு போங்கள். ஏழு மைல் அவர்களுக்கு அதிகமானால் அகஸ்தியம்பள்ளி வரையிலாவது நடத்துங்கள். கால் வலிக்கிறதென்று அழுதால், நூறு பேர் நூற்றைம்பது மைல் நடந்த கதையைச் சொல்லுங்கள். அளத்து வரப்பில் நின்று ஒரு சிட்டிகை உப்பை வாயில் போட்டுப் பார்க்கட்டும். அதை விளைவித்தவரிடம் இரண்டு வார்த்தை பேசட்டும். நம் வீடுகளில் இலை போட்டதும் முதலில் ஓரத்தில் வைப்பது உப்பு. அதை வைக்காமல் மேலே ஒன்றும் பரிமாறுவதில்லை. முதலில் வைக்கிற பொருளைப் பற்றி முதலிலேயே தெரிந்து கொள்வது குழந்தைகளுக்கு நல்லது, பெரியவர்களுக்கும் நல்லதுதான்.